முதுகுக்குப் பின்னால் ஓடும் படங்கள்

வெள்ளிக்கிழமை, மெஸ்ஸில் பிரியாணிக்கு முன்னால் சண்டை.
பூவராகன் எடுத்த ஒன்பதில் எது ஒசத்தி?
உதுமான் லபன் அட்டைப்பெட்டியைக் கிழித்து
உள்பக்கம் மார்க்கரால் ஒன்று முதல் கோடு போட்டான்.
எல்லோரும் கத்தி முடித்தபின்
என் பக்கம் திரும்பினார்கள்.

நான் அவர் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

சிரிக்காதீர்கள்.
ஜுபைலிலிருந்து ராஸ் அல் கைர் ஒன்றேகால் மணி நேரம்.
திரை என் தலைக்கு மேல், உங்களைப் பார்த்து.
எனக்குச் சாலை, மூடுபனி, குறுக்கே வரும் ஒட்டகம்.
காலையில் முதல் பாதி, சாயங்காலம் மறு பாதி.
இடைவேளை பத்து மணி நேரம்,
அதில் நீங்கள் வெல்டிங் வைத்தீர்கள்.
எனக்குக் கிடைத்தது வசனம் மட்டும்,
அப்புறம் கண்ணாடியில் நாற்பத்தெட்டு முகம்.

அதனால் என் கணக்கு வேறு.

'ஈரச்சாக்கு' கடைசி. கோபப்படாதே வியாகுலம்.
அதில் மழை கொஞ்சம் ஜாஸ்தி.
நாம் அழுவதற்கு முன்பே வயலின் அழுதுவிடுகிறது,
நமக்கு மிச்சம் வைக்காமல்.
பாதிப் பேர் தூங்கினீர்கள்.
தூக்கமும் நல்லதுதான், டபுள் டூட்டி வாரம் அது.
அந்த ஒரு காரணத்துக்காக ஏழில் ஏற்றலாம்.

'தங்கச்சிக்கு ஒரு கதவு' நாலோ ஐந்தோ.
அண்ணன் கதவு செய்து முடிக்கும் இடத்தில்
இழைப்புளிச் சத்தம்தான், வசனமே கிடையாது.
வண்டியில்தான் ஏதோ உரசுகிறது என்று
ஓரம் கட்டி, இறங்கி, டயரைத் தட்டிப் பார்த்தேன்.
ஏறி வந்தால்
தமிழில் ஒரு சொல் தெரியாத தில்பகதூர்
ஹெல்மெட்டை முகத்தில் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான்.
அதற்கு மேல் எனக்கு விமர்சனம் வராது.

'உப்புப் பாத்தி'யை மூன்றில் போடு. இல்லை, இரண்டில்.
கங்காணி எண்ணிக் கொடுப்பதில் இரண்டு ரூபாய் குறையும்,
தெரிந்தும் அவள் முந்தானையில் முடிந்துகொள்வாள்,
ஜெயினுலாபுதீன் சொல்லித்தான் தெரியும்.
எனக்குக் கேட்டது சில்லறைச் சத்தம், பிறகு ஒரு பெருமூச்சு.
பெருமூச்சு படத்திலிருந்தா, பதினோராவது வரிசையிலிருந்தா,
இன்றுவரை புரியவில்லை.
நமக்கு அப்போது மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

முதலிடம் எழுதிக்கொள்:
'நாளை மறுநாள் தபால்.'

"அதை யாருமே முழுசாப் பாக்கலையே" என்கிறான் உதுமான்.

தெரியும்.
காலையில் அந்தப் பெண்குழந்தை
காய்ச்சலோடு எழுந்துவந்து
தபால்காரருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தது.
லெட்டர் இல்லையா, சரி, நாளை மறுநாள் வாங்க என்றது.
கேட் வந்துவிட்டது. நிறுத்தினேன். இறங்கிப் போனீர்கள்.

சாயங்காலம் நான் பட்டனைத் தொடும்போது
சித்திரைவேல் எழுந்து முன்னால் வந்தான்.
மதியம் ஊரிலிருந்து போன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.
பிளைட் மறுநாள் இரவுதான்.
கம்பியைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னான்:
"இத்தோட இருக்கட்டும் அண்ணே.
இதுவரைக்கும் அது நல்லாத்தான இருக்கு."

மிச்சம் நாற்பத்தேழு பேர்.
சீட்டுக்கு அடித்துக்கொள்கிறவர்கள்,
ஏசியைக் கூட்டு, குறை என்று தினமும் கத்துகிறவர்கள்.
ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.
கறுப்புத் திரையை விட்டுவிட்டு
எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே
ரிஃபைனரித் தீயையும் மணலையும் பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.
நான் தினமும் பார்ப்பதைத்தான்.

முடிவை அவர் எப்படி எடுத்திருக்கிறாரோ.
நன்றாகத்தான் எடுத்திருப்பார், அவர் கை ஈரக் கை.
பென்டிரைவ் டேஷ்போர்டில்
இகாமா நகல்களுக்கு அடியில் கிடக்கிறது.
வண்டி கழுவும்போது எடுத்துத் துடைத்து
அங்கேயே வைத்துவிடுவேன்.

பாதிப் படத்துக்கு முதலிடமா என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.
எழுது. பெரிதாக எழுது.
பிரியாணி ஆறுகிறது.
எட்டாவதும் ஒன்பதாவதும் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்;
அவை இரண்டும் நான் லீவில் இருந்தபோது ஓடியவை.